மாசு எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது?

ஒரு டன் நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். அதில் 600 கிலோ கரிமம், 250 கிலோ எரியாத கனிமம், 10 கிலோ கந்தகம் இருப்பதாகவும், மிச்சம் ஈரமும் பிறவும் என்றும் வைத்துக்கொள்வோம். உலையில் போட்டு எரித்தாயிற்று. மின்சாரம் கிடைத்துவிட்டது, கரி தீர்ந்துவிட்டது என்று கணக்கை மூடிவிட முடியுமா? முடியாது. 600 கிலோ கரிமம் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 2,200 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போயிருக்கிறது. 10 கிலோ கந்தகம் 20 கிலோ கந்தக டை ஆக்சைடாகியிருக்கிறது. 250 கிலோ கனிமம் சாம்பலாகிவிட்டது. அதில் பெரும்பகுதி மாவுபோலப் பறக்கும் தூள். கரியில் இம்மியளவு கலந்திருந்த ஆர்சனிக்கும் ஈயமும் அந்தத் தூளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எரித்ததில் ஒரு கிராம்கூட இல்லாமல் போகவில்லை. உள்ளே போட்டதைவிட வெளியே வந்ததன் எடைதான் அதிகம்.

மாசைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு அடித்தளம். பொருள் அழிவதில்லை, உருமாறுகிறது, இடம் மாறுகிறது. எரித்தால் காற்றுக்குப் போகும். கழுவினால் நீருக்குப் போகும். புதைத்தால் மண்ணுக்கும், அங்கிருந்து நிலத்தடி நீருக்கும் போகும். ஒரு பொருளையோ வெப்பம், ஒலி போன்ற ஆற்றலையோ இயற்கை தாங்கிச் செரிக்கிற வேகத்தைவிட வேகமாக ஓரிடத்தில் கொட்டுவதைத்தான் மாசுபாடு என்கிறோம். சாணம் வயலில் பரவினால் உரம். அதே சாணம் குளத்தில் குவிந்தால் மீன்களுக்கு எமன்.

எந்த மாசைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். எங்கிருந்து கிளம்புகிறது? எதன் வழியாகப் பயணிக்கிறது? யாரிடம் போய்ச் சேர்கிறது? மூன்றில் ஏதாவது ஓரிடத்தில் சங்கிலியை அறுத்தால் பாதிப்பு குறையும். ஆனால் கிளம்பும் இடத்தில் அறுப்பது ஏறக்குறைய எப்போதும் எளிது, மலிவு. பாதி வழியில் பிடிப்பது கடினம். போய்ச் சேர்ந்த பிறகு திரும்ப எடுப்பது பல நேரங்களில் நடக்காத காரியம்.

அளவுகளைப் படிக்கும் விதம்

மாசு பற்றிய செய்திகளில் வரும் எண்கள் பலரைக் குழப்புகின்றன. நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு கிராம் கரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். காற்றில் அளவு இன்னும் நுணுக்கம்: ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பார்கள். ஒரு மைக்ரோகிராம், கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 10 முதல் 15 கன மீட்டர் வரை காற்றை உள்ளிழுக்கிறார். குடிக்கும் நீரைப் போல அதைக் காய்ச்சியோ வடிகட்டியோ உள்ளே விடுவதில்லை. ஓயாமல், ஆண்டுக்கணக்கில் இழுக்கிறோம். அதனால்தான் நாள் சராசரி, ஆண்டுச் சராசரி என்று இரண்டு வரம்புகள் வைக்கிறார்கள். ஒரு நாளின் உச்சம் ஆஸ்துமா உள்ளவரை மருத்துவமனைக்கு அனுப்பும். ஆண்டுச் சராசரி எல்லோருடைய இதயத்தையும் நுரையீரலையும் மெல்லத் தேய்க்கும்.

பெரும்பாலான நஞ்சுகளுக்கு, இதற்குக் கீழே இருந்தால் உடல் சமாளிக்கும் என்று ஓர் அளவு உண்டு. ஈயம் அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தைகளின் இரத்தத்தில் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவே கிடையாது. மிகக் குறைந்த அளவுகூட அறிவு வளர்ச்சியைப் பாதிக்கிறது. ஆகவே ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்ற ஒரு வரியைப் பார்த்து நிம்மதியாவதற்கு முன், எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்று

கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை விடத் தெரியாத துகள்தான் அதிகத் தீங்கு செய்கிறது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும் துகளை பிஎம் 10 என்றும், 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்குவதை பிஎம் 2.5 என்றும் அழைக்கிறார்கள். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியாக வெளியே தள்ளிவிடும். முடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ உள்ள நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை இறங்குகிறது. அதிலும் மிகச் சிறியவை இரத்தத்திலேயே கலக்கின்றன. காற்று மாசு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி பிஎம் 2.5-இன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு நாள் சராசரி 15. வெளிக்காற்று மாசும் வீட்டுக்குள் புகையும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 70 லட்சம் அகால மரணங்களுக்குக் காரணம் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

நுண்துகள் எல்லாமே புகையாகப் பிறப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வாயுவாகவே வெளியேறுகின்றன. வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழும் அமோனியாவுடன் அவை காற்றில் சேர்ந்து, சல்பேட், நைட்ரேட் உப்புத் துகள்களாகின்றன. தொழிற்சாலையோ நெரிசலோ இல்லாத ஊரிலும் மூட்டம் போட்டிருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஓசோனும் அப்படித்தான்: எந்தக் குழாயிலிருந்தும் நேரடியாக அவ்வளவாக வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல், பெயிண்ட், கரைப்பான்களிலிருந்து ஆவியாகும் பொருள்களும் வெயிலில் வினைபுரிந்து உருவாகிறது. எனவே வெயில் கடுமையாக இருக்கும் நண்பகலுக்குப் பிறகுதான் அது உச்சத்துக்குப் போகும். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூச்சு மட்டத்தில் நுரையீரலை அரிக்கும்.

ஒரே அளவு புகை ஒருநாள் தொந்தரவு தராமல் போவதும், இன்னொரு நாள் ஊரையே திணற வைப்பதும் எப்படி? விடை வானிலையில் இருக்கிறது. வழக்கமாகத் தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும். புகையையும் தூக்கிக்கொண்டு போகும். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, கீழே குளிர்காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் நிலைகொண்டால், மேலே மூடி போட்டதுபோல் ஆகிவிடும். இதை வெப்பநிலைத் தலைகீழ் என்கிறார்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது இதுதான். வீடுகளும் மின்நிலையங்களும் எரித்த நிலக்கரிப் புகை ஐந்து நாள் நகராமல் நின்றது. ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையில்லா எரிபொருள் மட்டும் அனுமதிக்கப்படும் பகுதிகள் உருவாயின.

அதன்பிறகு நடந்த ஒரு தவறும் பாடம் சொல்கிறது. மின்நிலையங்களுக்கு மிக உயரமான புகைபோக்கிகள் கட்டினார்கள். அருகில் காற்று தெளிந்தது. கந்தகம் எங்கே போனது? காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து, ஸ்வீடனிலும் நார்வேயிலும் அமில மழையாகப் பெய்தது. மாசில்லாத மழைநீரே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் சற்று அமிலமாக, பிஎச் 5.6 அளவில் இருக்கும். பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும். அது 4-ஐ ஒட்டி இறங்கியபோது மண்ணிலிருந்த அலுமினியம் கரைந்து ஏரிகளுக்குள் வந்தது. மீன்களின் செவுள் பழுதடைந்து ஏரிகள் வெறிச்சோடின. 1979-இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசுக்கென ஒப்பந்தம் போடவேண்டி வந்தது. தூரத்துக்கு அனுப்புவது சுத்தம் செய்வது ஆகாது.

நீர்

ஆறு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் நாணயம் நீரில் கரைந்த ஆக்சிஜன்.

20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.5-க்குக் குறைந்துவிடும். மின்நிலையம் விடும் சூடான நீரும் மாசுதான் என்பதற்குக் காரணம் இது. மீன்கள் நலமாக வாழ லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். 2-க்குக் கீழே போனால் பெரும்பாலானவை தப்ப முடியாது.

இப்போது சாக்கடை நீர் வருகிறது. அதிலுள்ள மலம், உணவுக் கழிவு, சோப்பு எல்லாவற்றையும் பாக்டீரியாக்கள் தின்று செரிக்கும். செரிக்க ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுக்கும் என்பதை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளந்து சொல்வதுதான் பிஓடி, அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீருக்கு இது லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆற்று நீரில் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது, மீனுக்கு 5-ஐ விட்டுவைக்க வேண்டும் என்றால், செலவழிக்கக் கிடைப்பது 3 மட்டும். 250-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சாக்கடைக்கு 80 லிட்டருக்கு மேல் நல்ல நீர் வேண்டும். ஓடும் ஆறு காற்றிலிருந்து புது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும், அது ஓரளவு கைகொடுக்கும். வெயில் காலத்தில் ஓட்டம் குறைந்து, நீர் சூடேறி, சாக்கடை மட்டும் அதே அளவில் வந்துகொண்டிருந்தால் கணக்கு உதைக்கும். ஆக்சிஜன் தீர்ந்தபின் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். நீர் கறுப்பதும் அப்போதுதான்.

உரம் இன்னொரு வழியில் அதே முடிவுக்குக் கொண்டுபோகும். வயலில் இடும் நைட்ரஜனில் உலகளவில் சராசரியாகப் பாதியளவைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் மழையில் வழிந்தோ மண்ணுக்குள் இறங்கியோ காற்றில் ஆவியாகியோ போகிறது. பாஸ்பரஸும் சேர்ந்து ஏரிக்குப் போனால் பாசி பெருகி நீர் பச்சைச் சாந்துபோல் ஆகும். பகலில் பாசி ஆக்சிஜன் தருவதால் எல்லாம் நன்றாகவே தெரியும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுக்கும். செத்து அடியில் படிந்து அழுகும்போது இன்னும் எடுக்கும். அதனால் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதக்கின்றன. இந்த மிகை ஊட்டம் உள்ள ஏரிகளில் பகல் 12 மணிக்கு மட்டும் ஆக்சிஜனை அளந்து ‘நல்ல நீர்’ என்று எழுதுவது தவறான முடிவு.

செரிக்கக்கூடிய கழிவுக்கு இந்தக் கணக்கு. செரிக்கவே முடியாத பொருள்களுக்குக் கணக்கு வேறு. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவை விட்டது. அதிலிருந்த மீத்தைல் பாதரசம் என்ற பாதரசச் சேர்மம் மிதவை உயிரிகளில் சேர்ந்து, அவற்றைத் தின்ற சிறு மீனில் கூடி, பெரிய மீனில் இன்னும் கூடியது. முதலில் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் நடுக்கம், பார்வை சுருங்குதல், பேச்சுக் குழறல். 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நோயின் அறிகுறி பெரிதாகத் தெரியாத தாய்மாருக்கும் கடும் நரம்புப் பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன. கருவிலிருந்த குழந்தை நஞ்சை வாங்கிக்கொண்டிருந்தது. கடல் பெரியது, கரைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலையைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிவு கூடும் இந்த உயிரியல் உருப்பெருக்கம், கொழுப்பில் கரைகிற, உடலால் சிதைக்கவோ கழிக்கவோ முடியாத பொருள்களில் மிகவும் அதிகம். பாடநூல்களில் வரும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் கணக்கில், நீரில் நூறு கோடியில் 0.003 பங்காக இருந்த நஞ்சு, மீன் தின்னும் பறவையில் பத்து லட்சத்தில் 25 பங்காகிறது. கிட்டத்தட்ட 80 லட்சம் மடங்கு. பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே உடைந்தது.

மண்ணும் குப்பையும்

மண் மாசு பேசப்படுவது குறைவு, ஏனென்றால் நகராது, நாறாது, நிறம் மாறாது. ஆனால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மேல்மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கிய இடம், பழைய ஈயப் பெயிண்ட் சுரண்டிக் கொட்டிய இடம் ஆகியவற்றில் விளையாடும் குழந்தைகள் விரல் வழியாக அதை விழுங்குகிறார்கள். அங்கே விளையும் கீரை, கிழங்குகளிலும் அது வரும்.

குப்பைமேட்டில் நடப்பது இது: ஈரக் கழிவு காற்றுப் புகாமல் அமுங்கி அழுகுகிறது, பாதிக்குப் பாதி மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அடியில் கறுப்பான கசிவுநீர் இறங்கும். கூடக் கிடக்கும் பேட்டரி, பெயிண்ட், மருந்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீருக்குப் போகும். அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசிவுநீரைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரித்தால்தான் அது முறையான நிரப்பிடம். மற்றதெல்லாம் வெறும் மேடு.

குப்பையை எரித்துவிடலாமே? முறையான எரியுலையில் வாயு குறைந்தது 850 டிகிரியில் இரண்டு விநாடியாவது இருக்க வேண்டும். அதன்பின் வேகமாகக் குளிர்வித்து வடிகட்ட வேண்டும். தெருமுனையில் எரியும் குப்பை அந்த வெப்பத்தில் சீராக எரிவதில்லை, புகைந்துகொண்டே இருக்கும். பிவிசி போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக் கலந்திருந்தால், அந்த அரைகுறை எரிதலில் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகச் சரியான சூழல் அமைந்துவிடுகிறது. கையளவு பிளாஸ்டிக் உறையை எரிப்பதைவிடச் சேர்த்து வைப்பது மேல்.

உலகம் இதுவரை உற்பத்தி செய்த பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 விழுக்காடுதான். ஒரு பிளாஸ்டிக் உறையில் இரண்டு மூன்று வகைப் படலங்கள் ஒட்டியிருந்தால் பிரிக்க வழியில்லை என்பது ஒரு காரணம். உணவு ஒட்டிய பிளாஸ்டிக்கைக் கழுவும் செலவு இன்னொன்று.

ஒலியையும் விட்டுவிடக்கூடாது. வேலையிடத்தில் 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஆற்றல் இரு மடங்காகும், தாங்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை.

கிளம்பும் இடத்தில் நிறுத்துவது

இதில் உலகம் முழுமையாக வென்ற ஒரு போர் உண்டு. பெட்ரோலில் எஞ்சின் தட்டாமல் இருக்க ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921-இல் கண்டுபிடித்தார்கள். புகைக்குழாய் ஒவ்வொன்றும் ஈயத்தை ஊதியது. அதைக் குழாயில் வடிகட்டி யாரும் வெல்லவில்லை. பெட்ரோலில் கலப்பதையே நாடு நாடாக நிறுத்தினார்கள். கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. நிறுத்திய இடங்களிலெல்லாம் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சரிந்தது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட, ஓசோன் படலத்தைத் துளைத்த சிஎஃப்சி வாயுக்களுக்கும் அதே வழிதான்: 1974-இல் வேதியியலாளர்கள் ரோலண்டும் மொலினாவும் எச்சரித்தார்கள், 1985-இல் அண்டார்டிகா மேல் ஓசோன் துளை உறுதியானது, 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இனி உற்பத்தியே இல்லை என்ற நிலையிலும் அண்டார்டிகா மேலுள்ள படலம் பழைய நிலைக்குத் திரும்ப 2060-கள் ஆகும். ஏற்கெனவே மேலே போனதைக் கீழே இறக்க யாராலும் முடியாது.

கிளம்பும் இடத்தில் நிறுத்த முடியாதபோது வாயிலில் பிடிக்க வேண்டும். புகைபோக்கியில் மின்னூட்டம் கொடுத்துத் துகளைத் தகட்டில் படியவைக்கும் கருவியும், துணிப்பை வடிகட்டியும் சாம்பலில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும். சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளித்தால் கந்தக டை ஆக்சைடு ஜிப்சமாக மாறும். இங்கேதான் முதல் பத்தியின் கணக்கைத் திரும்ப எடுக்க வேண்டும். பிடித்த சாம்பல் எங்கே? சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போனால் நல்லது. நீரில் கரைத்துக் குட்டையில் விட்டால், காற்று மாசு நீர் மாசாகியிருக்கிறது. கரை உடைந்தால் ஆற்று மாசு.

வாகனத்தின் வினையூக்கி மாற்றி கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடையும் குறைக்கும், ஆனால் 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் வரும் புகை அதிக மோசம். ஒரு கிலோமீட்டர் போகத் தினம் நான்கு முறை வண்டி எடுப்பதைவிட, அந்த வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்பது மேல் என்பதற்கு இதுவே காரணம். அந்தத் தூரத்துக்கு நடையும் சைக்கிளும் இன்னும் மேல். மின்வாகனத்தில் புகைக்குழாய் இல்லை. டயரும் சாலையும் தேய்ந்து எழும் துகள் அதிலும் உண்டு.

கழிவுநீர் நிலையம் உண்மையில் ஒரு பாக்டீரியாப் பண்ணை. முதலில் கம்பித் தடுப்பில் துணி, பிளாஸ்டிக் நிற்கும். மணல் தொட்டியில் மணல் அடங்கும். அடுத்த தொட்டியில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் நீரில் கலந்திருக்கும் திடப்பொருளில் பாதிக்கு மேல் படிந்துவிடும்; பிஓடி மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். பிறகு காற்றூட்டும் தொட்டி: கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்துக்கொண்டு, பல மணி நேரம் பாக்டீரியாக்களை உண்ணவிடுவார்கள். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்னும் லாக்கெட்டும் விவரித்த முறை இன்றும் அடிப்படையில் அதேதான். கடைசியில் பாக்டீரியாத் திரளைப் படியவைத்து, ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி, மிஞ்சியதைச் சேறாக எடுத்து, நீரைக் கிருமி நீக்கி விடுவார்கள். நன்றாக நடந்தால் பிஓடி 85 முதல் 95 விழுக்காடு குறையும்.

நன்றாக நடக்காமல் போவதும் அடிக்கடி. காற்றூதிகளை மின்செலவுக்குப் பயந்து இரவில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் பலவீனமாகும். ஏதோ ஒரு பட்டறை அமிலத்தையோ குரோமியத்தையோ சாக்கடையில் விட்டால் பண்ணை மொத்தமும் சாகும். மறுபடி வளர வாரக்கணக்காகும். எண்ணெய் மிகுந்தால் நூல் வடிவப் பாக்டீரியாக்கள் பெருகிச் சேறு படியாமல் மிதந்து வெளியேறும். மருந்துகளும் சாயங்களும் நுண்பிளாஸ்டிக்கும் இந்த முறையில் முழுதாக நீங்குவதில்லை. இவை ஏதும் தெரியாமல் ‘நிலையம் கட்டியாயிற்று’ என்று திறப்புவிழாவோடு திருப்தியடைவது பெரிய ஏமாற்றம்.

வீட்டிலிருந்து செய்யக்கூடியவை

முதலில் சமையல் புகை. விறகும் கரியும் எரியும் மூடிய சமையலறையில் நுண்துகள் எந்த நெடுஞ்சாலையையும் விட அதிகமாக இருக்கும். எரிவாயுவுக்கோ மின்னடுப்புக்கோ மாறுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. மாற முடியாவிட்டால், உலர்ந்த விறகு, புகைபோக்கி, எதிரெதிரே இரண்டு திறப்புகள். மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஒருபோதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். நிறமோ மணமோ இல்லாததால் தூக்கத்திலேயே உயிர் போகும்.

புகைமூட்ட நாட்களில் துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் ஓரங்களில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகவே போகும். தாடியும் அந்த இடைவெளியை உண்டாக்கும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் அறையின் கன அளவைக் கணக்கிடுங்கள்: 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டுமானால் மணிக்கு 180 கன மீட்டர் தூய காற்று தரும் கருவி வேண்டும். ஓசோன் வெளியிடும் வகைகளைத் தவிர்க்க வேண்டும். தொட்டிச் செடிகள் அழகு. காற்றைச் சுத்தப்படுத்த அறையில் அவை காடாக இருந்தாலொழிய போதாது.

ஈரக் கழிவை வீட்டிலேயே உரமாக்குவதுதான் ஒரு குடும்பம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்பது எங்கள் கருத்து. குப்பைமேட்டின் மீத்தேனும் கசிவுநீரும் பிறப்பது அதிலிருந்துதானே. 100 முதல் 200 லிட்டர் பீப்பாயின் பக்கங்களில் விரல் நுழையும் அளவு துளைகள் 20, அடியில் 5 அல்லது 6 போடுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சியும் காய்ந்த இலையும். பிறகு ஒரு பங்கு காய்கறித் தோல், இலைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டைப்பெட்டி, கன அளவில். ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த இலை மூட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரவேண்டும். வழிந்தால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. வாரம் ஒருமுறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கறுப்பாக உதிரும்.

அமோனியா நெடி அடித்தால் ஈரக் கழிவு கூடிவிட்டது. காய்ந்த இலை சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை. கிளறி, துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்திருக்கிறது அல்லது குவியல் மிகச் சிறியது. இறைச்சியும் எண்ணெயும் சிறிய பீப்பாயில் வேண்டாம், எலி வரும். நோய்க்கிருமி சாக வேண்டுமானால் நடுவில் 55 டிகிரி வெப்பம் மூன்று நாளாவது நிற்க வேண்டும். ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள குவியலில்தான் அது எளிதாக வரும். சிறிய பீப்பாயில் வராது, ஆகவே செல்லப்பிராணிக் கழிவை அதில் போடக்கூடாது.

உலர் கழிவில் பிளாஸ்டிக்கை அலசிக் காயவைத்துத் தருவது, அதற்கு மறுசுழற்சி மதிப்பு இருக்குமா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. பேட்டரி, பாதரச விளக்கு, பூச்சிமருந்துப் புட்டி, காலாவதி மருந்து, பழைய எஞ்சின் எண்ணெய் ஆகியவை மூன்றாவது பெட்டி. சாக்கடையிலோ கழிவறையிலோ ஊற்றவே கூடாது. கழிவறை கழுவும் அமிலத்தையும் ப்ளீச்சையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்.

தோட்டத்துக்கோ வயலுக்கோ உரம் இடுபவர்கள் ஒரே தவணையில் கொட்டாமல் மூன்றாகப் பிரிப்பதும், கனமழை வரும் என்றால் தள்ளிப்போடுவதும், யூரியாவை மேலே தூவி விடாமல் மண்ணோடு சேர்ப்பதும் பணத்தையும் ஏரியையும் ஒருசேரக் காக்கும்.

அருகில் ஓர் ஆலையோ வடிகாலோ மாசு விடுவதாகச் சந்தேகம் வந்தால், புகாருக்கு முன் பதிவு தேவை. தேதி, மணி, காற்று வீசிய திசை, நாற்றத்தின் தன்மை, நீரின் நிறம், எத்தனை நேரம் நீடித்தது என்று இரண்டு வாரம் விடாமல் எழுதுங்கள். ஒன்றும் நடக்காத நாட்களையும் எழுதுங்கள், ஏனென்றால் எந்த நேரத்தில் வெளியேற்றுகிறார்கள் என்பதை அந்த இடைவெளிதான் காட்டும். நீர் மாதிரியைக் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எடுக்க வேண்டும். மேலே எடுக்காத மாதிரியை வைத்து யாரையும் பொறுப்பாக்க முடியாது. பிஓடி பார்க்க, புட்டியைக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, வெளிச்சம் படாமல் பனிக்கட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், தாமதமானால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் கிடந்த புட்டிக்குள் பாக்டீரியாக்கள் தம் வேலையை முடித்துவிட்டிருக்கும். அறிக்கையில் ஆறு உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும்.